நீங்களே பார்த்துக் குடுங்க

அத்தியாயம் 6

போன வாரம் நாம் சந்தியாவை சித்தூர் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தோம். திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். தோளில் மாற்றுத் துணிப் பை, மடியில் சான்றிதழ்கள் வைத்த ஃபைல். பக்கத்தில் அவள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா ரங்கன். அவர் மடியில் ஒரு பை நிறைய பங்கனபள்ளி மாம்பழம்.

சித்தூரில் நாலு வருஷம் நர்சிங் படித்து முடித்தவள் சந்தியா. வேலூர் எல்லையை ஒட்டிய அவர்கள் ஊரில், அவர்கள் தெருவில், ஊசி போடத் தெரிந்த முதல் பெண். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து நேரில் வரச்சொல்லி போன் வந்த நாளிலிருந்து ரங்கனுக்குத் தரையில் கால் பாவவில்லை. அம்மா செல்லியம்மாவுக்குத்தான் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சீசன். விடிந்தால் ஷிப்ட்டுக்கு ஓடியாக வேண்டும்.

அந்த ஃபேக்டரி சந்தியாவின் மனசை அறுத்துக்கொண்டிருந்தது. மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு அம்மாவின் விரலிடுக்கெல்லாம் வெந்து தோலுரிந்து கிடக்கிறது. குழம்பு பட்டால் கையை உதறிக்கொள்வாள். இந்த சீசனில் ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். கேட்டால், டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்கிறாள்.

மாதம் பதினெட்டாயிரம் கிடைத்தால் அம்மாவை அந்தப் பக்கமே போகவிடாமல் நிறுத்திவிடலாம் என்று சந்தியா தனக்குள் முடிவு கட்டி வைத்திருந்தாள். கூடப் படித்தவர்கள் வேலூரிலும் சென்னையிலும் அதைத்தான் வாங்குகிறார்கள். ஆகவே நடக்காத விஷயமில்லை. ஆனாலும் இதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாயால் சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயம்.

கண்டக்டர் வந்தார். சந்தியா ஆதாரை நீட்டினாள். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ரங்கனுக்கு மட்டும்தான். மகளால் தனக்குப் பாதி செலவு மிச்சம் என்று அவர் கண்டக்டரிடம் தெலுங்கில் பெருமையடித்துக்கொண்டார். மக நர்சு, திருப்பதில வேலைக்குச் சேரப் போறா என்று முன் சீட்டுக்காரர் கேட்காமலே அவருக்கும் சொன்னார்.

சந்தியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. எந்த மொழியில் கேட்பது என்பதே பெரிய குழப்பம். பதினெட்டாயிரத்தைத் தெலுங்கில் பத்தெனிமிதி வேலு என்று சொன்னால் கெஞ்சுவது மாதிரி இருந்தது. தமிழ் அங்கே எடுபடாது. கடைசியில் எயிட்டீன் தௌசண்ட் சார் என்பதே மரியாதை என்று பட்டது. சந்திரகிரி தாண்டுகிற வரைக்கும் உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, சாமி கும்புட்டுக்கினு வரியா?" என்று கேட்டார் ரங்கன்.

ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள்.

பைபாஸ் ரோட்டில் இருந்தது ஆஸ்பத்திரி. அஞ்சு மாடி, கண்ணாடிச் சுவர். வாசலில் வந்து நின்றதும் ரங்கன் செருப்பைக் கழற்றப் போனார். சந்தியா கையைப் பிடித்துத் தடுத்தாள். அவர் வெட்கத்தோடு மறுபடி மாட்டிக்கொண்டார்.

முதல் கண்டத்தைச் சுலபமாகத் தாண்டினாள். நர்சிங் சூப்பிரெண்டெண்ட் ஜமீலா மேடம் சிரிக்காத முகத்தோடு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். மருந்து அளவு கேட்டார், மூச்சுத் திணறி வருகிறவருக்கு முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார், ஒரு பொம்மைக் கையில் ஊசி ஏற்றிக் காட்டச் சொன்னார். சந்தியா ஒரே குத்தில் ஏற்றிக் காட்டினாள். அந்த வேலை அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மேடம் ஃபைலை மூடி, மேலே போய் ஹெச்.ஆரைப் பார் என்று மட்டும் சொன்னார். அது பாராட்டு என்று பக்கத்தில் இருந்த நர்ஸ் கண்ணடித்தாள்.

மேலே, ஹெச்.ஆர். கிரண்குமாரின் அறையில் ஏ.சி. ஜிலுஜிலுவென்றிருந்தது. முப்பது வயசு இருக்கும் அவருக்கு. நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தார். பெரியவரையும் உள்ளே வரச்சொல்லம்மா என்று அவரே கூப்பிட்டார். பெண் பிள்ளைகளை வேலைக்குச் சேர்க்கும்போது அப்பாவோ அண்ணனோ வந்து உட்காருவது அங்கே வழக்கம். சம்பளப் பேச்சும் அவர்களிடம்தான்.

ரங்கன் உட்காரவில்லை. மாம்பழப் பையை மேஜை ஓரமாக வைத்தார். நம் மரத்துப் பழம் சார், பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, இரண்டடி பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேலை கொடுக்கிறவரிடம் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவர் சட்டம். கிரண்குமார் இரண்டு முறை உட்காரச் சொன்ன பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சந்தியாவுக்கு முகம் சூடேறியது. பையிலிருந்து பழ வாசனை அந்தக் குளிர் அறை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் ஊர்ப் பேச்சு நடந்தது. பிறகு கிரண்குமார் சம்பளத்துக்கு வந்தார். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கேட்டது சந்தியாவின் வேலைக்கு, பார்த்தது ரங்கனை.

சந்தியா வாயைத் திறந்தாள். எயிட்டீன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் ரங்கன் எழுந்து நின்று கும்பிட்டார்.

"மீரே சூசி இவ்வண்டி சார்," என்றார்.

நீங்களே பார்த்துக் கொடுங்கள். முடிந்தது கதை. கிரண்குமாரின் முகம் மலர்ந்துவிட்டது. பெரியவர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். பதினாலாயிரம் என்றார். ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு அதில் இரண்டாயிரம் பிடித்துக்கொள்வோம் என்றார். இரண்டு வருஷம் கட்டாயம் வேலை பார்க்க வேண்டும், அதுவரை ஒரிஜினல் சான்றிதழ்கள் ஆஸ்பத்திரியிடம் இருக்கும், ஒப்பந்தக் காகிதம் தயாரானதும் சாயங்காலம் அஞ்சு மணிக்குள் வந்து ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளையே டூட்டி என்று கடகடவென்று முடித்தார்.

ரங்கன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சந்தியா ஃபைலை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஸ்பூனால் சாப்பிடுவது கண்முன் வந்து நின்றது. பிடித்தது போகக் கையில் வரும் பன்னிரண்டில் எதை நிறுத்துவது?

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் ஒரு அடி பின்னாலேயே நடந்தாள். ரங்கனுக்கு அது தெரியவுமில்லை. பதினாலாயிரம், அதுவும் நிழலில் வேலை என்று மாய்ந்து மாய்ந்து பேசிக்கொண்டு வந்தார். சித்தூர் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தபிறகுதான் அவளால் கேட்க முடிந்தது.

"இன்னா நைனா அப்பிடி சொல்லிட்ட? நான் கேட்டிருப்பேன் இல்ல?"

"இன்னா கேப்ப?"

"சம்பளம்."

ரங்கன் அவளை விநோதமாகப் பார்த்தார். மலையேறி இறங்கிய கூட்டம் ஒன்று மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவர்களை இடித்துக்கொண்டு போனது. அவர் மகளை ஒரு தூண் பக்கமாக இழுத்து நிறுத்தினார்.

"வேல குடுக்கறவங்க கிட்ட நாம வெல சொல்லக் கூடாது பாப்பா. நான் சொன்னதே இல்ல. உங்க சித்தப்பன் ஒருக்கா சொன்னான். கூலி இம்மாம் வேணும்னு நெலக்கார ரெட்டி மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டான். அப்பால அந்த சீசன் பூரா ஒருத்தன் கூப்புடல அவன. பெங்களூருக்குப் போனவன்தான், இன்னும் ஊருக்கு வரல. நான் வாயத் தொறக்கல. ஒனக்கு சோறு போட்டேன், படிக்க வெச்சேன்."

அவர் குரலில் சண்டை இல்லை. பயம்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பயத்தைத் தின்றுதான் வளர்ந்திருக்கிறோம் என்பது சந்தியாவுக்கு அந்த நிமிஷம் புரிந்தது. கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. இப்போது சொந்தமாக ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது, இரண்டு மாமரம் இருக்கிறது. ஆனாலும் இன்னும் அந்த ரெட்டியின் களத்து மேட்டில்தான் நின்றுகொண்டிருக்கிறார் நைனா.

பஸ் வந்தது. மகளுக்கு நாளையே டூட்டி என்பதால் அவர் மட்டும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வேளா வேளைக்கு துன்னு, யாரையும் எதிர்த்துப் பேசாதே என்று சொன்னார். பஸ் வளைவில் திரும்புகிறவரை கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனார்.

திருப்பதி குடும்பம் குடும்பமாக வந்து போகிற ஊர். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு பேரன், பேரனை வைதுகொண்டே அம்மா, மூட்டையோடு மாமா. எல்லோருக்கும் சாயங்காலமோ நாளையோ திரும்பிப் போக பஸ் இருந்தது. சந்தியா மட்டும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் யாருக்கும் சேராதவளாக நின்றாள். நிமிர்ந்தால் மலை தெரிந்தது. கும்பிடத் தோன்றவில்லை.

ஒரே ஒருத்திதான் அவளுக்கு இந்த ஊரில். யமுனா.

நாலு வருஷமும் கல்லூரி ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். மெஸ்ஸில் குழம்பு நன்றாக இல்லாத நாளில், அதாவது தினமும், ஒரே தட்டில் ஊறுகாய் போட்டுப் பிசைந்து ஆளுக்கு ஒரு வாய் என்று சாப்பிட்டவர்கள். யமுனா இரண்டு மாதம் முன்பே இதே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். சந்தியாவைப் பற்றி ஜமீலா மேடத்திடம் சொன்னவளே அவள்தான். சம்பளம் எவ்வளவு என்று போனில் கேட்கும்போதெல்லாம் நேரில் வா சொல்கிறேன் என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

நர்ஸ் ஹாஸ்டல் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே. யமுனா டூட்டிக்கு நடுவில் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஆள் இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இதுதான் உன் கட்டில் என்று தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததைக் காட்டினாள். சந்தியாவுக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது.

நடந்ததையெல்லாம் கொட்டினாள். மாம்பழம், நைனா எழுந்து நின்றது, பதினாலு எல்லாம். பிறகு கேட்டாள்.

"நீ எம்மாம் வாங்கற யமுனா? தெரிஞ்சா நான் போய்க் கேக்கலாம். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குது."

யமுனாவின் கை சோற்றில் நின்றது.

"அத வெளில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கினாங்க."

"என்கிட்டயுமா?"

யமுனா எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். அரை மணி படுக்கிறேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கவில்லை என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது. நாலு வருஷம் அந்த முதுகைப் பார்த்திருக்கிறாளே, தெரியாதா?

இவளுக்கு அதிகம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது, அதனால்தான் மறைக்கிறாள் என்று சந்தியாவின் மனசு ஒரு பக்கம் சொன்னது. அப்படி நினைத்ததற்கு இன்னொரு பக்கம் திட்டியது. எப்படியானாலும் ஒன்று நிச்சயம். பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றபோது இருந்ததைவிட இந்த அறையில், யமுனாவுக்குப் பக்கத்தில், அவள் அதிகத் தனியாக இருந்தாள். சத்தமில்லாமல் ஃபைலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

கிரண்குமார் மீட்டிங்கில் இருந்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். ஃபைலைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டு வருஷத்துக்கு எல்லாம் முடிந்தது. கேட்பதானால் அதற்கு முன் கேட்க வேண்டும். கேட்டால் நைனாவின் வார்த்தையை மீறினதாகும். கேட்காவிட்டால் அம்மாவின் கை.

அப்போது ஜமீலா மேடம் வேகவேகமாக வந்தார். இவளைப் பார்த்ததும் நின்றார். உனக்குத் தமிழ் வரும் இல்லையா என்று கேட்டார். வரும் என்றதும் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

கேஷுவாலிட்டியில் ஒரு பெரியவர் வியர்வையில் நனைந்து கிடந்தார். ஆரணியிலிருந்து வந்தவராம். அலிபிரியிலிருந்து மலைக்குப் படியேறும்போது பாதி வழியில் சுருண்டு விழுந்துவிட்டார். கூட வந்த மனைவிக்கு ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாது. டாக்டர் ஒன்று கேட்க, அந்த அம்மாள் வேறொன்றைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். சந்தியா அவர் பக்கத்தில் போய், அழாதீங்கம்மா, காலையில் என்ன மாத்திரை போட்டார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். சர்க்கரை மாத்திரை போட்டார், தரிசனம் முடிகிறவரை பச்சைத் தண்ணி பல்லில் படக்கூடாது என்று விரதம் இருந்தார் என்று அந்த அம்மாள் விசும்பினார். சந்தியா டாக்டரிடம் தெலுங்கில் சொன்னாள். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர் கண் திறந்து, பை எங்கே என்று மனைவியை அதட்டினார்.

அந்த அம்மாள் சந்தியாவின் கையை விடவேயில்லை.

"நீ எந்த ஊரு கண்ணு? சாப்பிட்டியா?"

நைனா போனபிறகு அவளை யாரும் கேட்காத கேள்வி. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள்.

தமிழ் பேஷண்ட் வந்தால் இங்கே நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்போம் என்றார் ஜமீலா மேடம். தினமும் வருகிறார்களா என்று கேட்டாள் சந்தியா. வராத நாள் உண்டா என்றார் மேடம்.

மாடிப்படி ஏறும்போது சந்தியாவுக்கு அந்தப் பதில் காதிலேயே இருந்தது.

கிரண்குமாரின் அறையில் மாம்பழப் பை இப்போது மேஜைக்கு அடியில் இருந்தது. வாசனை மட்டும் அப்படியே இருந்தது. அவர் காகிதங்களை எடுத்து வைத்து, பேனாவை அவள் பக்கம் உருட்டினார். சந்தியா நின்றுகொண்டிருந்தாள். காலையில் நைனா நின்ற அதே இடத்தில் நிற்கிறோம் என்பது உறைத்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவர் சொல்லவில்லை. அவளாக உட்கார்ந்தாள்.

"எயிட்டீன் தௌசண்ட் எதிர்பார்க்கறேன் சார்," என்றாள். ஒத்திகை பார்த்தது வீண்போகவில்லை. குரல் உடையாமல் வந்தது.

கிரண்குமார் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை தப்பாகப் பாட்டுப் பாடினால் சிரிப்போமே, அந்த மாதிரி. காலையில் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அவளுக்கு எங்கே வலிக்குமோ அங்கே கை வைத்தார். உன் நைனா பெரிய மனுஷர், வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அந்த வாக்கை நீ தாண்டுகிறாயா அம்மா என்று கேட்டார்.

சந்தியாவுக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. மேஜைக்கு அடியில் அந்தப் பை. நைனா ஏணி போட்டு, ஒவ்வொன்றாக, அடிபடாமல் காம்போடு பறித்த பழம்.

"அவர் வாக்கு அப்பிடியேதான் சார் இருக்குது," என்றாள். தெலுங்கில்தான் சொன்னாள், ஆனால் அவளுக்கே அது தன் வீட்டுப் பேச்சு மாதிரி வந்தது. "உங்கள நம்பி விட்டுட்டுப் போனார். கம்மியா குடுங்கன்னு சொல்லிட்டுப் போகல."

கிரண்குமாரின் சிரிப்பு நின்றது.

அவள் விடவில்லை. இப்போது கீழே நடந்ததைச் சொன்னாள். தமிழ்க்காரர்கள் தினமும் வருகிறார்கள், இரண்டு மொழியும் தெரிந்த நர்ஸ் இங்கே எத்தனை பேர், ஜமீலா மேடத்தையே கேளுங்கள் என்றாள். அவர் போனை எடுத்து மேடத்தோடு பேசினார். மேடம் என்ன சொன்னார் என்று தெரியாது. நாலைந்து முறை சரி சரி என்றுவிட்டு வைத்தார். பதினெட்டு முடியவே முடியாது என்றார். பதினைந்து என்றார். சந்தியா பேசாமல் இருந்தாள். அது தந்திரம் ஒன்றுமில்லை; அதற்குமேல் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த மௌனம் வேலை செய்தது. கடைசியில் பதினாறு, சாப்பாட்டுக்குப் பிடிப்பதில்லை என்று வந்து நின்றது. சான்றிதழ் விஷயத்தில் அவர் இம்மியும் இறங்கவில்லை.

"ஒக்க மாட்டம்மா," ஒரே ஒரு வார்த்தை என்று நிறுத்தினார் கையெழுத்துக்கு முன்னால். இது நம் இரண்டு பேருக்குள் இருக்க வேண்டும், மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்தால் நாளைக் காலையில் எல்லோரும் என் வாசலில் நிற்பார்கள், அப்புறம் இந்த பதினாறும் இருக்காது என்றார்.

யமுனாவின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. சந்தியா கையெழுத்துப் போட்டாள். நாலு வருஷப் படிப்பு ஃபைலோடு இரும்பு அலமாரிக்குள் போய், சாவி திரும்பியது.

வெளியே வந்ததும் ஓட வேண்டும் போல இருந்தது. ஜெயித்துவிட்டாள். முழுசாக இல்லை, ஆனாலும் கேட்டாள், வாங்கினாள். இதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தெருவோரமாக நின்று நைனாவுக்குப் போன் போட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தார் ரங்கன். இவள் வாயைத் திறக்குமுன் அவர் கொட்டினார்.

"அந்த சார் இப்பதான் போன் பண்ணாரு பாப்பா. பெத்தாயனான்னு மரியாதையா கூப்டு, உங்க மூஞ்சிக்காகத்தான் பதினாறு ஆக்கிட்டேன்னாரு. பழம் கல்கண்டுன்னாரு. பாத்தியா, நாம வாயத் தொறக்கல, அவங்களாவே ஏத்திக் குடுத்தாங்க. நான் இன்னா சொன்னேன் ஒனக்கு?"

அவர் குரல் தழுதழுத்தது. வாழ்நாள் பூராவும் வாயைத் திறக்காமல் நின்றதற்கு இன்றுதான் யாரோ கூலி கொடுத்த மாதிரி இருந்தது அந்தக் குரல். சந்தியா கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டது நான் நைனா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அந்தச் சந்தோஷம் உடைந்துவிடும்.

"ஆமா நைனா," என்றாள்.

அம்மாவைக் கேட்டாள். இரண்டாவது ஷிப்ட்டும் பார்த்துவிட்டு வருவதாக ஃபேக்டரியிலேயே இருக்கிறாளாம். லோடு நிறைய வந்திருக்கிறதாம். இனிமேல் அம்மா போக வேண்டாம் என்று சொல் நைனா என்றாள். சீசன் முடியட்டுமே, இன்னும் கொஞ்ச நாள்தானே என்றார் ரங்கன். போன் வைத்தபிறகும் அவள் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஹாஸ்டலில் விளக்குப் போட்டிருந்தார்கள். யமுனா டூட்டி முடிந்து வந்து, தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் சோறு போட்டுக் காத்திருந்தாள். ஊறுகாய் பாட்டில் திறந்திருந்தது. பழைய மாதிரியே பிசைந்து, முதல் வாயை சந்தியாவிடம் நீட்டினாள். மத்தியானத்துக்கு மன்னிப்பு என்று அவள் சொல்லவில்லை. அந்த உருண்டைதான் சொன்னது. சந்தியா வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வாய் போனபிறகு யமுனா தலையைக் குனிந்துகொண்டே பேசினாள்.

"எனக்கு பன்னண்டு. அதுலயும் சாப்பாட்டுக்குப் புடிச்சுக்கறாங்க. எங்க அண்ணன்தான் வந்து பேசினான். ஒனக்கு பதினாலுன்னு நீ சொன்னதும் வெக்கமாப் பூடுச்சு. அதான் திரும்பிப் படுத்துக்கினேன்."

சந்தியா மத்தியானம் அந்த முதுகைப் பார்த்து என்னென்ன நினைத்தாள்.

"போய்க் கேட்டியா நீ? ஏத்தினாரா?" என்று கேட்டாள் யமுனா.

இரும்பு அலமாரி கண்ணுக்குள் வந்தது. சாவி சத்தம் வந்தது. தட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யமுனா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கறுத்த கண்ணோடு.

"இல்ல," என்றாள் சந்தியா. "பதினாலுதான்."

யமுனா சிரித்தாள். பொறாமை இல்லாத சிரிப்பு. போகட்டும், உனக்காவது அது இருக்கட்டும் என்றாள். இன்னொரு உருண்டை பிசைந்தாள். நீட்டவில்லை. எதையோ யோசித்தபடி அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"நாளைக்குக் காலைல நான் கிரண்குமார் சார் கிட்ட போகப் போறேன் சந்தியா. ஒரே காலேஜு, ஒரே படிப்பு, அவளுக்கு பதினாலு, எனக்கு மட்டும் ஏன் பன்னண்டுன்னு கேக்கப் போறேன். தனியா போக பயமா இருக்குது. நீயும் வந்து பக்கத்துல நிக்கறியா?"

உருண்டை இப்போது சந்தியாவின் முகத்துக்கு நேராக வந்தது. காலையிலிருந்து அவளும் இதற்குத்தானே ஏங்கினாள், பக்கத்தில் நிற்க ஒருத்தி வேண்டும் என்று?

"வரேன்," என்றாள். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.